அக்காவின் சக்களத்தி

என் அக்கா வீட்டுக்காரரை முப்பது வருஷமாக அத்தான் என்று கூப்பிடுகிறேன். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'நாளைக்கு'. குழாய் ஒழுகுகிறதே அத்தான் என்றால், நாளைக்கு. வாசல் மணி அடிக்கவில்லையே என்றால், நாளைக்கு. அந்த மணி ஊமையாகிப் பத்து வருஷம் ஆகிறது. வருகிறவர்கள் தட்டித் தட்டிக் கதவில் ஓர் இடத்தில் பெயிண்டே போய்விட்டது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பாதியில் விட்ட கணக்கைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கென்று வந்து வாய்த்த அத்தான் இப்படி.

வேலையில் மட்டும் அவர் வேறு ஆள். இருபத்தெட்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். கம்பி வடத்தில் தொங்குகிற லிஃப்ட்டுகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்குகிற லிஃப்ட் என்றால் அத்தானைத்தான் தேடுவார்கள். யாராவது நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்தால் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். போனதும் ஸ்பேனரைத் தொட மாட்டார். மூடிய கதவுக்கு வெளியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று. உள்ளே மூச்சு சீரானது காதில் விழுந்த பிறகுதான் வேலையை ஆரம்பிப்பார். ஒருநாளும் அந்த வேலையை நாளைக்கு என்று தள்ளியதில்லை.

இனி அந்தக் கார். ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் நான்கு டயரும் தரையோடு ஒட்டிப்போய் நின்றுகொண்டிருந்ததாம். இவர் பார்த்த பார்வையைப் பார்த்துக் கட்டடக்காரர் எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார். எங்கள் அப்பா பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி. கூரை உயரம். முன் இருக்கை பெஞ்சு மாதிரி ஒரே நீளம். கதவுகளுக்குக் கீல் பின்பக்கம் இருக்கும். அதனால் இப்போதைய கார்களுக்கு நேர் எதிராகத் திறக்கும். உள்ளே ஏறுவது அறைக்குள் நுழைவது போலத்தான். இழுத்துவந்து வீட்டை ஒட்டிய ஷெட்டில் நிறுத்தினார். நிறுத்தியதுதான். பதினோரு வருஷம் அங்கேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எதையாவது கழற்றுவார். கழற்றியது திரும்பப் போய்ச் சேராது. அக்கா அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தாள். "சக்களத்தி கூப்பிடுறா, போங்க" என்று சொல்லி அவரை ஷெட்டுக்கு அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருப்பாள்.

அக்கா இருபத்திரண்டு வருஷம் மருந்துக்கடையில் இருந்தாள். டப்பாவில் எழுதியிருப்பதை இரண்டு தடவை படிக்காமல் ஒரு மாத்திரையைக்கூடக் கையை விட்டுக் கொடுத்தவள் இல்லை. மேல் தட்டில் இருந்த ஒரு பெட்டியை எடுக்க ஏணியில் ஏறி, ஏணியோடு விழுந்தாள். இரண்டு ஆபரேஷன். வலது இடுப்பு மூட்டு மடங்காமலே இறுகிவிட்டது. நான்கு கால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பாள். உயரமான நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்து நிற்பதும் உட்காருவதுமாக இருப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸில் படுக்கவைத்துக் கொண்டுவந்த அன்று தெருவே வாசலில் நின்று பார்த்தது. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்காவுக்கு அது போதுமாயிருந்தது. இரண்டரை வருஷம் வாசல்படி தாண்டவில்லை. என் சின்னக் காரின் சீட்டை முழுக்கச் சாய்த்துவிட்டால் படுத்தவாக்கில் வரலாம் என்று எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்தேன். பிணத்தைக் கொண்டுபோகிற மாதிரி என்னைக் கொண்டுபோக வேண்டாம் என்றாள். அதற்கு மேல் வாயைத் திறந்தால் நடைச்சட்டம் பறந்து வரும்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற பிசியோ பெண் ஒருநாள் எங்கள் இரண்டு பேரையும் அக்கா முன்னாலேயே உட்காரவைத்தாள்.

"இடது இடுப்பும் இறுக ஆரம்பிச்சிருக்கு. வீட்டுல நான் பண்றது போதாது. ஆஸ்பத்திரியில வெந்நீர்த் தொட்டி இருக்கு. வாரத்துக்கு மூணு நாள் அதுல இறக்கிப் பயிற்சி கொடுக்கணும். ஆறு மாசத்துக்குள்ள ஆரம்பிக்கலேன்னா அந்தக் காலும் போயிடும். அப்புறம் படுக்கைதான்."

"படுக்கைன்னா?" என்றார் அத்தான்.

"படுக்கைன்னா படுக்கைதான் சார். திரும்பிப் படுக்கக்கூட ஆள் வேணும்."

அக்கா சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஷெட். பிறகு சிரித்தாள். "அந்தச் சக்களத்தி ஓடட்டும். அவ மடியில உட்கார்ந்து வரேன். வேற எந்த வண்டியிலயும் என்னை ஏத்த முடியாது. இதுதான் என் கடைசிப் பேச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இது சம்மதம் இல்லை, மறுப்பு என்று எனக்கு அப்போதே தெரிந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு கதவைக்கூட ஒழுங்காக மாட்டாத மனிதர் ஆறு மாசத்தில் காரை ஓட்டிவிடுவாரா? அத்தானைப் பார்த்தேன். அவர் எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் சுவர் வழியாகச் சுத்தியல் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து 'நாளைக்கு' என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. சேர்த்துவைத்திருந்த லீவை எல்லாம் எடுத்தார். இன்ஜினை வெளியே தூக்கி ஒவ்வொரு துண்டாகப் பிரித்தார். எலிகள் கடித்துத் தின்ற வயர்களை மொத்தமாக உருவிப்போட்டுப் புதிதாக இழுத்தார். துரு அரித்த தரைத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். அந்தக் காலத்து டைனமோவைக் கழற்றிவிட்டு இந்தக் காலத்து ஆல்டர்னேட்டரைப் பொருத்தினார். கைக்கம்பி சுழற்றிக் கிளப்ப வேண்டிய வண்டிக்குச் சாவி திருப்பினால் கிளம்புகிற மோட்டார் வைத்தார். பழைய வண்டியைப் பழையபடியே வைத்திருக்க வேண்டும் என்கிற ஆசாரமெல்லாம் அவருக்கு இல்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் அக்கா அதில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

அவருடைய முழு மூளையும் இருக்கையில்தான் இருந்தது. அக்கா பக்கத்துப் பெஞ்சை அறுத்து எடுத்தார். கழித்துப்போட்ட லிஃப்ட் கதவு ஒன்றின் தண்டவாளத்தையும் உருளைகளையும் கொண்டுவந்து தரையில் பதித்தார். அதன்மேல் உயரமான ஒரு நாற்காலி. பிடியை இழுத்தால் நாற்காலி வாசல் பக்கம் திரும்பி, முழம் அளவு வெளியே வழுக்கி வந்து நிற்கும். நின்றபடி அதில் முதுகைச் சாய்த்தால் போதும், உள்ளே தள்ளிக்கொள்ளலாம். மடங்காத கால் நீட்டியபடியே போகும், எங்கும் இடிக்காது. அளவு எடுக்க அவர் அக்காவைத் தொந்தரவு செய்யவில்லை. அவள் சாய்ந்து நிற்கிற நாற்காலியை அவள் தூங்கும்போது அளந்துகொண்டார். முதல் தடவை அது வழுக்கி வெளியே வந்தபோது நான் கை தட்டினேன். அத்தான் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். அவளுக்குச் சத்தம் கேட்டுவிடுமாம்.

அவளுக்கு எல்லாச் சத்தமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சுவரில் காது வைக்காத குறை. ஐந்தாவது மாசம் ஒரு பகல் நேரத்தில் இன்ஜின் முதல் தடவை இருமி, நின்று, மறுபடி இருமி, ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. நான் உள்ளே ஓடினேன். அக்கா முகம் வெளுத்துப்போயிருந்தது. நல்ல செய்தி கேட்டவள் முகமாக இல்லை.

பிரேக் மட்டும் பாக்கி. சக்கரத்துக்குச் சக்கரம் உள்ள சிலிண்டர்களில் புது ரப்பர் போட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் புதன்கிழமை காலைக்கு நேரம் வாங்கியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் பிரேக்கில் இருந்த காற்றை எடுக்க உட்கார்ந்தோம். நான் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், அவர் கீழே படுத்து மரையைத் திறந்து மூட வேண்டும். ஒரு குழாய் இணைப்பில் கசிவு. அதைக் கண்டுபிடித்து இறுக்குவதற்குள் வாங்கிவைத்த பிரேக் ஆயில் முழுக்கத் தரையில் போய்விட்டது. கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. திங்கட்கிழமை வாங்கலாம் என்றேன்.

"நாளைக்கா?" என்றார். அந்தச் சொல்லை அவர் அப்படி வெறுப்போடு சொல்லி நான் கேட்டதில்லை.

அலமாரியில் இருந்து ஒரு பெரிய தகர டின்னை எடுத்துவந்தார். வேலையிலிருந்து கொண்டுவந்த லிஃப்ட் எண்ணெய். "பன்னெண்டு பேரை மூணு மாடி தூக்குற எண்ணெய் மச்சான். இருபத்தெட்டு வருஷமா இதை நம்பித்தான் ஜனங்களை ஏத்தி இறக்குறேன். அழுத்தினா அமுங்காது, சூடானா கொதிக்காது. ஒரு காரை நிறுத்தாதா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. குறைந்தபட்சம் என் மண்டைக்குச் சரியாகப் பட்டது. அவர் ஊற்றினார், நான் மிதித்தேன். பழைய எண்ணெய் மிச்சம் இல்லாமல் வெளியேறும் வரை மிதித்தேன். இதை எழுதும்போதும் என் வலது காலைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று மாலையே தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தோம். தொட்டால் நின்றது. திங்கட்கிழமையும் அப்படியே. செவ்வாய்க்கிழமை மட்டும் மிதி கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்றார். புது ரப்பர், படிந்துவிடும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்தபோது அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். அத்தான் ஷெட்டில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டேய், இவர் முடிக்க மாட்டார்னு நம்பித்தான்டா அப்படிச் சொன்னேன்."

"தெரியும்."

"தெரிஞ்சா அப்பவே சொல்லியிருக்கக் கூடாது? அந்த மனுஷன் கையைப் பார்த்தியா? ஒரு விரல்ல நகம் இல்ல. இப்போ எப்படிடா மாட்டேன்னு சொல்றது? எனக்கு வெளியே போகப் பயமா இருக்கு. நடுத்தெருவுல ஏதாவது ஆயிட்டா, நாலு பேர் சேர்ந்து என்னைத் தூக்கினா, நான் செத்துடுவேன்."

"ஒண்ணும் ஆகாது. நான் பின்னாடிதானே உட்கார்ந்திருப்பேன்."

பெரிய பாதுகாப்புதான்.

புதன்கிழமை அக்கா வெளிறிய நீலத்தில் ஒரு சேலை கட்டியிருந்தாள். ஷெட் வழியாகவே காருக்கு வந்தாள். நாற்காலி வெளியே வந்து நின்றது. அவள் முதுகைச் சாய்த்தாள். அத்தான் பிடியை விட்டதும் உள்ளே போய்த் திரும்பிக்கொண்டது. ஒரு முனகல்கூட இல்லை. அவளே வியந்துபோய்க் கீழே குனிந்து பார்த்தாள். "வலிக்கல" என்றாள். அத்தான் சுற்றிவந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபோது அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

முதல் இரண்டு தெருவுக்கு அக்கா வாய் ஓயவில்லை. அந்த வீட்டுக்கு எப்போது பச்சை அடித்தார்கள், இந்த மரத்தை யார் வெட்டினது, பேக்கரி இருந்த இடத்தில் இது என்ன செல்போன் கடை என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஜனங்கள் காரைப் பார்த்தார்கள். பரிதாபமாகப் பார்க்கவில்லை, ஆசையாகப் பார்த்தார்கள். ஒருவர் கை அசைத்தார். அக்கா திருப்பிக் கை அசைத்தாள். எல்லாம் சேர்த்து நாலைந்து நிமிஷம் இருக்கும்.

மூன்றாவது திருப்பத்தில் இன்ஜின் முக்கியது. அத்தான் கியரைக் குறைத்தார். ரப்பர் எரிகிற நாற்றம் வந்தது. பஸ் திரும்புகிற பெரிய சந்திப்பில், சிக்னலுக்காக மிதித்துவிட்டுக் காலை எடுத்தார். வண்டி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் முடுக்கினார். இன்ஜின் அலறி நின்றுபோனது. நான்கு சக்கரமும் இறுகிவிட்டன.

நாங்கள் நின்ற இடம்தான் கொடுமை. ஜனங்கள் சாலையில் இறங்காமல் இருக்க நடைபாதை ஓரமாக இரும்புக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். அக்கா பக்கத்துக் கதவுக்கும் வேலிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. கதவு திறக்காது. கதவு திறக்காவிட்டால் நாற்காலி வெளியே வராது. அத்தான் பக்கமாக நகர்ந்து இறங்க அவள் இடுப்பு மடங்காது. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த இருக்கையில் அவள் சிக்கிக்கொண்டாள்.

அத்தான் கீழே படுத்து மரைகளைத் திறந்தார். எண்ணெய் பீய்ச்சி அவர் முகத்தில் அடித்தது. சக்கரம் விடவில்லை. பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்கள் கண்ணாடி வழியாக உள்ளே குனிந்து பார்த்தார்கள். ஒருத்தர் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார். அவரை நான் என்ன சொல்லித் திட்டினேன் என்று இங்கே எழுதினால் என் வேலை போய்விடும். இழுவை வண்டி வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். ஒரு மணி நேரமும் ஆயிற்று, அது வரவில்லை. வெயில் கூரையில் இறங்கியது.

அத்தான் வேலிக்கு அந்தப் பக்கம் போய், நடைபாதைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கம்பி வழியாகப் பேச ஆரம்பித்தார்.

"காலையில சாப்பிட்டது செரிச்சுதாம்மா? தண்ணி குடிக்கிறியா? நேத்து நீ ஏதோ கனவு கண்டேன்னியே, என்ன அது?"

"என்னை லிஃப்ட்ல மாட்டின ஆள் மாதிரி பேசாதீங்க" என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. "எனக்குப் பாத்ரூம் போகணும். ரொம்ப நேரமா அடக்கிட்டு இருக்கேன்."

அத்தான் எழுந்து பின்னால் நின்ற பஸ்ஸை நோக்கி ஓடினார்.

கடைசியில் எட்டு பேர் சேர்ந்தார்கள். பஸ் டிரைவர், கடைக்காரர்கள், வழிப்போக்கர்கள். காரை முன்னாலும் பின்னாலும் பிடித்துக் குலுக்கிக் குலுக்கிப் பக்கவாட்டில் நகர்த்தினார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அக்கா கத்தினாள். கை அகலம், முழ அகலம், கடைசியில் கதவு திறக்கிற அகலம். நாற்காலி வழுக்கி வெளியே வந்தது. வெளிர் நீலச் சேலை முழங்கால் வரை நனைந்து கறுத்திருந்தது. எட்டு பேரும் பார்த்தார்கள். எட்டு பேரும் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்தத் திரும்பல்தான் என்னை அறுக்கிறது. அவளைப் படுக்கவைத்துக் கொண்டுபோக அங்கே கிடைத்தது மேசை நாற்காலி ஏற்றிப்போகிற ஒரு வேன் மட்டும்தான். ஒரு பீரோவுக்குப் பக்கத்தில் போர்வை விரித்துப் படுக்கவைத்துக் கூட்டிவந்தோம்.

அதற்குப் பிறகு அக்கா பேசவில்லை. ஒன்பது நாள். சாப்பாடு கொடுத்தால் பாதி சாப்பிட்டாள். பிசியோ பெண் வந்தால் கண்ணை மூடிக்கொண்டாள். நடைச்சட்டம் மூலையில் நின்றது. பிசியோ பெண் வாசலில் என்னை நிறுத்தி, "இன்னும் மூணு வாரம் இப்படியே போச்சுன்னா நான் வர்றதுல அர்த்தமே இல்லை" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

அத்தான் இழுத்துவந்த காரைப் பிரித்தார். நான் பக்கத்தில் நின்றேன். சிலிண்டரைத் திறந்ததும் உள்ளே இருந்த ரப்பரை விரலால் எடுக்க முடியவில்லை, நெம்பி எடுத்தார். ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கிடந்தது. நான்கு சக்கரத்திலும் அப்படியே. அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு டின்னைப் பார்த்தார்.

"லிஃப்ட்ல இருக்கிற ரப்பர் வேற, இந்த ரப்பர் வேற. இந்த எண்ணெயை இது குடிச்சு உப்பிடும். எனக்குத் தெரிஞ்சிருக்கணும் மச்சான்."

"எனக்கும்தான்."

"நீ வாத்தியார். நான் மெக்கானிக்." அவர் தலையைச் சக்கரத்தில் வைத்துக்கொண்டார். "நான் அவளைக் கொண்டுபோய்ச் சந்தியில நிறுத்திட்டேன்."

மறுநாள் பழைய இரும்பு எடுக்கிறவரை வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அக்காவிடம் சொன்னீர்களா என்றேன். எண்ணெய் விஷயத்தைச் சொன்னீர்களா என்றேன். இல்லையாம். பழைய வண்டி, எங்கோ உடைந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டுமாம். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"அவ தன் தலையெழுத்துன்னு நினைச்சுட்டுக் கிடக்குறா அத்தான். வெளியே கால் வெச்சா இதான் நடக்கும்னு முடிவு பண்ணிட்டா. உங்க தப்புன்னு தெரிஞ்சா உங்களையாவது திட்டுவா. போய்ச் சொல்லுங்க. நீங்க சொல்லலேன்னா நான் சொல்றேன்."

அவர் டின்னையும் ஒரு ரப்பரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் நிலைவாசலில் நின்றேன். அக்கா கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கசிவு, கடை அடைத்திருந்தது, டின், ஞாயிற்றுக்கிழமை, மச்சான் மிதித்தது, எல்லாம்.

"கார் மேல தப்பில்ல. உன் மேலயும் இல்ல. உன் நேரம் மேலயும் இல்ல. நான் ஊத்தின எண்ணெய்தான்."

அக்கா கையை நீட்டினாள். ரப்பரைக் கொடுத்தார். அதைப் பார்க்கவில்லை, மறுபடி கையை நீட்டினாள். டின்னைக் கொடுத்தார். கண்ணாடி என்று ஜாடை காட்டினாள். போட்டுக்கொண்டு, டின்னைத் திருப்பித் திருப்பி, மேலிருந்து கீழே வரை படித்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தாள். ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் குரல் கரகரத்து வந்தது.

"'வாகனங்களின் பிரேக்கில் ஊற்றக் கூடாது.'"

டின்னை எங்கள் பக்கம் திருப்பி அந்த வரியை விரலால் தட்டினாள்.

"இதுல எழுதியிருக்கு. சிவப்புக் கட்டம் போட்டு எழுதியிருக்கு. படிக்கலையா நீங்க?"

"இல்லம்மா."

"இருபத்தெட்டு வருஷமா இந்த டின்னைத் தூக்குறீங்க. ஒரு தடவைகூடப் படிக்கலையா? நான் இப்படி மருந்து கொடுத்திருந்தா எத்தனை பேர் செத்திருப்பாங்க தெரியுமா?" குரல் ஏறியது. "நீ என்னடா அங்க நிக்கிறே? நாலு எழுத்துப் படிச்சவன்தானே? பசங்களுக்குக் கேள்வியை ரெண்டு தடவை படிங்கடான்னு சொல்ற இல்ல? நீ படிச்சியா? ஊத்தினாராம், மிதிச்சானாம்! நான் ஒன்பது நாளா என் உடம்பைச் சபிச்சுட்டுக் கிடக்கேன். இனிமே இந்த உடம்பை எங்கயும் எடுத்துட்டுப் போக மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுக் கிடக்கேன். கடைசியில பார்த்தா, ரெண்டு தடிமாடுங்க டின்னைப் படிக்கல!"

அவள் அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். டின்னைச் சுவரில் எறிந்தாள். மூடி தெறித்து எண்ணெய் தரையெல்லாம் ஓடியது. அத்தான் அசையாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது; ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. திட்டுகிற அக்காவை எனக்குத் தெரியும். பேசாத அக்காவை எனக்குத் தெரியாது.

மூச்சு வாங்கியதும் கேட்டாள். "சரியான எண்ணெய் எந்தக் கடையில கிடைக்கும்?"

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியில இருக்கு. நான் போய் வாங்கிட்டு வரேன்" என்று அத்தான் எழுந்தார்.

"நீங்க வாங்குவீங்களா? இனிமே உங்களை நம்பி ஒரு டப்பா வாங்க விடுவேனா? டேய், உன் கார் வாசல்லயா நிக்குது?"

"ஆமாக்கா."

"முன் சீட்டைச் சாய்ச்சு வை."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"காது கேக்கலையா ரெண்டு பேருக்கும்?"

ஒன்பது நாள் நடக்காத கால். கட்டிலிலிருந்து வாசலுக்கு வரவே பாதி உயிர் போய்விட்டது. என் காருக்குள் அவளைச் சரித்துப் படுக்கவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. தோள் ஒரு மூலையில், மடங்காத கால் இன்னொரு மூலையில், நடுவில் இடது இடுப்பு மட்டும் மடங்கியாக வேண்டும். துண்டைச் சுருட்டிக் கொடுத்தோம், கடித்துக்கொண்டாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அத்தான் பின்னால் உட்கார்ந்து அவள் தலையை இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டார்.

தெரு முனையில் ஒரு வேகத்தடை. எவ்வளவு மெல்ல ஏறியும் வண்டி ஒரு முறை குதித்தது. அக்கா அலறினாள். ஆஸ்பத்திரியில்கூட அவளிடமிருந்து அந்தச் சத்தம் வந்ததில்லை. என் கால் தன்னால் பிரேக்கில் போய் அமர்ந்தது.

"நிறுத்து மச்சான். போதும். வீட்டுக்குத் திருப்பு" என்றார் அத்தான். வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். "போதும்மா. வேண்டாம். நான் செத்தாலும் சரி, உனக்கு இது வேண்டாம்."

அக்கா துண்டைத் துப்பினாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"திருப்பினே, உன்னைத் தொலைச்சுடுவேன். முதல்ல எண்ணெய்க் கடை. அப்புறம் ஆஸ்பத்திரி."

"இன்னைக்கு நேரம் வாங்கலையேக்கா."

"வாங்கலேன்னா என்ன? வாசல்ல கொண்டுபோய்ப் படுக்க வைங்க. போறவங்க வர்றவங்க எல்லாரும் பார்க்கட்டும். பார்த்துட்டு அவங்களே உள்ளே தூக்கிட்டுப் போவாங்க. நீ வண்டியை எடு."

நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.